ஹார்டன்வெல் ஊர்க்கல்லுக்கு ஒரு வாழ்த்துரை

இந்த ஆட்டு ரோமம் கத்தரிக்கும் திருநாளுக்குத் தலைமை ஏற்று, அரியணை கிடைக்காத குறையை ஓக் மர நாற்காலியால் தீர்த்துக்கொண்டு வீற்றிருக்கும் கம்பளி வணிகர் வாரின் அவர்களே. அவருக்கு வலப்புறம் அமர்ந்து வானத்தை ஆராய்ந்துகொண்டிருக்கும் பாதிரியார் ஓடோ அவர்களே. ஊர்ச்சபையின் பன்னிரண்டு பெரியோர்களே, அவர்களுள் விழித்திருக்கும் சில பெரியோர்களே. நூல் நூற்கும் கதிரை இடுப்பில் செருகிக்கொண்டு அப்படியே வந்து நிற்கும் தாய்மார்களே. ஆட்டைக் கத்தரித்த கையோடும் அந்த வாடையோடும் திரண்டிருக்கும் அண்ணன் தம்பிமார்களே. மேடைக்கு அடியில் நிழலுக்கு ஒதுங்கியிருக்கும் மில்காரர் ஃபுல்க்கின் பன்றியே. எல்லோருக்கும் மேலாக, அதோ அந்தப் பெருந்தராசின் தட்டில், கழுத்தில்லாமலே மாலை சூடிக் கம்பீரமாகக் குந்தியிருக்கும் எங்கள் ஊர்க்கல்லே, 'பெரியவர்' என்று இந்த ஊர் பயந்தும் பணிந்தும் அழைக்கும் பெருந்தகையே. உங்கள் அனைவருக்கும் மெழுகுவர்த்திக்காரன் ஹாமோவின் வணக்கம்.

பெரியவரைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசு என்று வாரின் அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார். கொழுப்பு உருக்குகிறவன், நாக்கு நன்றாக வழுக்கும் என்று நினைத்திருப்பார். பேச்சு முடிந்ததும் ஒரு பீப்பாய் பார்லிக் கள் உடைக்கப்படும். அதற்குப் பிறகு ஒரு சின்ன வேலை இருக்கிறது. ஆட்டுக்காரி குன்னோராவின் கம்பளியைப் பெரியவரை வைத்து நிறுத்து எடுத்துக்கொண்டு, பொது மேய்ச்சல் நிலத்தில் அவளுக்குள்ள உரிமையைப் பறிக்க நீங்கள் எல்லோரும் கை தூக்க வேண்டும். மேய்ச்சல் போனால் அவள் ஆடுகள் போச்சு. ஆடுகள் போனால் படுக்கையில் கிடக்கும் புருஷனுக்குப் பட்டாணிக் கூழும் போச்சு. சின்ன வேலைதான். கள் குடித்த கை தானாகவே தூக்கிக்கொள்ளும்.

சரி, புகழ்கிறேன்.

நம் நாட்டுக் கணக்கே ஓர் அலாதியான கணக்கு, ஐயா. பவுண்டு என்கிறோம். பவுண்டு என்றொரு காசை யாராவது கண்ணால் கண்டதுண்டா? ஷில்லிங் என்கிறோம். ஷில்லிங்கைத் தொட்ட விரல் எந்த விரல்? மார்க் என்கிறோம், அது பவுண்டில் மூன்றில் இரண்டு என்கிறோம், அதையாவது எவனாவது முகர்ந்து பார்த்திருக்கிறானா? பேசுவதெல்லாம் பவுண்டு, பையில் கிடப்பதெல்லாம் பென்னி, அதிலும் விளிம்பு சுரண்டிய பென்னி. காசின் லட்சணம் இது என்றால் எடையின் லட்சணம்? வெள்ளி நிறுக்கும் பவுண்டுக்குப் பன்னிரண்டு அவுன்ஸ். வெண்ணெய் நிறுக்கும் பவுண்டுக்குப் பதினைந்து அவுன்ஸ். நூறு ஹெர்ரிங் மீன் என்றால் நூற்றிருபது எண்ணிப் போடுகிறான், நூறு பென்னி கேட்டால் மட்டும் கறாராக நூறுதான் தருகிறான். இந்தக் குழப்பத்தில் பிழைக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர். மாட்டிக்கொள்ளத் தெரிந்தவர்கள் நானூறு பேர். அந்த நானூறு பேரைப் பார்த்துத்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன்.

யாரது, சிரிப்பது? சிரி தம்பி. உன்னையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

நியாயம் தெரியாத ஊரா இது? இல்லையே. போன குளிர்காலத்தில் ரொட்டிக்காரன் டுரோகோவின் ரொட்டி எடை குறைந்தது. கால் பென்னி ரொட்டியில் ஒரு கைப்பிடி குறைவு. விட்டீர்களா? அவனைச் சறுக்குப் பலகையில் கட்டி, குறைந்த ரொட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டு, சேறும் சகதியுமாகத் தெருத்தெருவாக இழுத்தீர்கள். ஒரு கைப்பிடி மாவுக்காக எழுந்தீர்களே, வீரர்களே, அந்த வீரம் இந்தத் தராசின் முன்னால் வந்ததும் ஏன் மண்டியிடுகிறது?

கம்பளி நிறுக்க அரசர் ஓர் எடைக்கல் வைத்திருக்கிறார். ஒரு கல் என்றால் பதினான்கு பவுண்டு. பக்கத்து ஊர் எல்ம்ஃபோர்டில் அதுதான் கல். ஆனால் ஹார்டன்வெல்லுக்கு அது போதுமா? நாம் யார், நம் பரம்பரை என்ன, நம் பெருமை என்ன? நமக்கு ஒரு கல் என்றால் பெரியவர். பெரியவர் பெரியவர்தான். மாப்பிள்ளை ஆகிறவன் பெரியவரை மார்பு வரை தூக்கிக் காட்டாமல் மணமேடை ஏற முடியாது. கத்தரிப்பு முடிந்தால் பெரியவருக்குக் கள் வார்க்காமல் யாரும் வாய் வைக்க முடியாது. எல்ம்ஃபோர்டுக்காரன் எதிரே வந்தால் நம் பிள்ளைகள் என்ன கத்துகின்றன? "உங்க கல்லு கூழாங்கல்லு." எவ்வளவு பெருமை, எவ்வளவு பூரிப்பு.

அந்தப் பூரிப்போடுதானே, போன வருஷம் வசந்தகாலத்தில் அரசரின் ஆள் பித்தளை எடைக்கல்லோடு வந்தபோது அவனைத் துரத்தினீர்கள்? நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். பாவம், பித்தளையைத் துணியில் பொதிந்து, குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். "இனிமே இதுதான்யா கல்லு, நாடு பூரா ஒரே கல்லு" என்றான். முன்வரிசையில் நின்றவன் யார்? இதோ, இப்போதும் முன்வரிசையில் நிற்கும் நம் மேய்ப்பன் அட்கின்.

"இந்தப் பொடிசுதான் கல்லா? எங்க பெரியவரு பக்கத்துல வெச்சா இது குஞ்சு மாதிரி இருக்குமேய்யா. எங்கள மட்டம் தட்டவா வந்தே?" என்றான் அட்கின்.

"மட்டம் தட்ட வரலப்பா. உனக்கு நல்லதுக்குத்தான்..."

"எங்க நல்லது எங்களுக்குத் தெரியும். நீ நடையைக் கட்டு."

பித்தளை மில் குளத்தில் விழுந்தது. நீங்கள் கை தட்டினீர்கள். வாரின் அவர்கள் அன்றைக்கும் ஒரு பீப்பாய் உடைத்தார். அரசனையே எதிர்த்த ஊர் என்று அட்கின் அழுதேவிட்டான், ஆனந்தத்தில்.

கோபப்படாதே அட்கின். உன் கதை இன்னும் முடியவில்லை.

போன வாரம் பாலத்தில் குன்னோராவை மறித்தவனும் இதே அட்கின்தான். கழுதை மேல் கம்பளியை ஏற்றிக்கொண்டு அவள் எல்ம்ஃபோர்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கொழுப்பு வாங்கப் போன நான் பின்னாலேயே நின்று கேட்டேன்.

"எங்க கெளம்பிட்டே குன்னோரா?"

"எல்ம்ஃபோர்டுக்குண்ணே."

"அந்தக் கூழாங்கல்லு ஊருக்கா? நம்ம பெரியவர விட்டுட்டு அங்க போய் நிறுக்கிறியே, வெக்கமா இல்ல உனக்கு?"

"அங்க வித்தா காசு கூட வருதுண்ணே. வீட்டுக்காரருக்கு வைத்தியம் பாக்கணும்."

"காசுக்காக ஊரு மானத்த விப்பியா? உங்க அப்பன் இருந்தா உன்ன வெட்டிப் போட்டிருப்பான்."

"எங்கப்பன் இருந்தா என்கூடக் கழுதைய ஓட்டிட்டு வந்திருப்பாரு. வழிய விடுண்ணே."

வழி விட்டானா? கழுதையைத் திருப்பினான். கம்பளி இதோ மேடையோரம் கிடக்கிறது. அவள் அதோ நிற்கிறாள், தலைமுக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு. ஊர்த் துரோகி என்று பெயர். நம் கல்லை அவமதித்தவள் என்று குற்றம். கல்லுக்கு மானம் வந்துவிட்டது, ஐயா. மனிதர்களுக்குத்தான் இன்னும் வரவில்லை.

என்ன சொல்கிறீர்கள், தலைவர் அவர்களே? 'இது விழா மேடை, வழக்கு பேசுற எடமில்ல ஹாமோ' என்கிறீர்களா? அப்படியே ஆகட்டும். விழா மேடைக்கு ஏற்ற மாதிரி உங்களையே கொஞ்சம் புகழ்கிறேன். உட்காருங்கள்.

அதே வருஷம் இலையுதிர் காலத்தில் மெழுகுவர்த்தி விற்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். அங்கே நம் வாரின் அவர்களின் மூட்டைகள் கப்பலுக்கு ஏறிக்கொண்டிருந்தன. நம் ஊர்க் கம்பளி, உங்கள் கம்பளி. தராசில் எதை வைத்து நிறுத்தார்கள் தெரியுமா? அரசரின் பித்தளையை. எனக்கு ரத்தம் கொதித்தது. ஹார்டன்வெல் ரத்தம் அல்லவா? அவருடைய வேலையாளைப் பிடித்து, "ஏம்பா, நம்ம பெரியவர் எங்க? அவரில்லாம நம்ம கம்பளிய எப்படி நிறுக்கலாம்?" என்று கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பெரியவர எதுக்குய்யா இங்க தூக்கிட்டு வரணும்? அவரு வாங்குறதுக்கு. இது விக்கிறதுக்கு" என்றான்.

கேட்டீர்களா, தாய்மார்களே? அவர் வாங்குவதற்கு, இது விற்பதற்கு. எவ்வளவு தெளிவு. நாம் கும்பிடுகிற பெரியவர் ஊர் எல்லையைத் தாண்டினால் ஒரு காசு பெற மாட்டார். நம் வாரின் அவர்கள் அவரை நேசிப்பது நம் வாசலில் மட்டும்தான்.

நம்ப வேண்டாம். நான் மெழுகுவர்த்திக்காரன், மேடையில் நிற்கிறவன், எதையும் சொல்வேன். உங்கள் கண்ணை நம்புங்கள். மில்காரர் ஃபுல்க் மதகைச் சரி செய்யக் குளத்து நீரை வடித்தபோது, விலாங்கு மீன்களுக்கு நடுவில் ஒன்று பளபளத்தது. இதோ, என் போர்வைக்குள் இருக்கிறது. ஆம், அந்தப் பொடிசுதான். அரசர் முத்திரை அழியாமல் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒரு தட்டில் இருக்கிறார். எதிர்த் தட்டில் இந்தப் பித்தளையை வைக்கிறேன்.

பார்த்தீர்களா? பெரியவர் இம்மி கூட அசையவில்லை. பித்தளை அந்தரத்தில் தொங்குகிறது.

அடடா, என்ன கரவொலி. "பெரியவரு ஜெயிச்சிட்டாரு" என்று யாரோ கத்துகிறார்கள். தொப்பியெல்லாம் மேலே பறக்கிறது. கத்துங்கள், நன்றாகக் கத்துங்கள். எல்ம்ஃபோர்டுக்குக் கேட்கட்டும். தன் மடியை அவிழ்த்துத் திருடுகிறவனின் கை நீளம் என்று மார்தட்டிய ஊர் உலகத்தில் இது ஒன்றுதான்.

கத்தி முடிந்ததா? அட்கின், மேலே வா. பயப்படாதே, படி பலமாகத்தான் இருக்கிறது. குன்னோரா, நீயும் வா தாயே. உன் மூட்டையிலிருந்து ஓர் ஆட்டின் ரோமத்தை எடு. ஒரே ஓர் ஆடு, முழுதாக. அதை அட்கின் கையில் கொடு. அட்கின், அதைப் பித்தளைப் பக்கத்துத் தட்டில் வை.

மெல்ல. கையை எடு. தராசு நிற்கட்டும்.

சமமாகிவிட்டது. இரண்டு தட்டும் ஒரே மட்டம். பன்றி கூட உறுமவில்லை, பாருங்கள்.

அட்கின், இந்தப் பக்கம் திரும்பு. குன்னோரா ஏதோ கேட்கிறாள், பதில் சொல்.

"அட்கின் அண்ணே, உங்கிட்ட எத்தன ஆடு?"

"நாப்பது."

"பெரியவரு தட்டுக்கு எட்டு ஆட்டு ரோமம் வெச்சாத்தான் ஒரு கல்லு. அரசர் கல்லுக்கு ஏழு போதும். ரெண்டுல எதுல நிறுத்தாலும் வாரின் ஐயா அதே ஒரு கல்லுக்கான காசத்தான் நமக்குக் குடுக்குறாரு. எட்டுக்கு ஒண்ணு. உன் மந்தையில அஞ்சு ஆட்ட வருஷா வருஷம் சும்மா கத்தரிச்சுக் குடுக்குறே அண்ணே. நான் அதத்தான் பாலத்துல சொல்ல வந்தேன்."

அவள் சொல்லிவிட்டாள். நான் ஒன்றே ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பாதிரியார் அவர்களே, வானத்திலிருந்து கொஞ்சம் இறங்கி வாருங்கள், இது உங்கள் துறை. உலகத்தைப் படைத்த கடவுள் நம்மிடம் கேட்பது எவ்வளவு? பத்தில் ஒன்று. மழையைத் தருகிறவர், புல்லைத் தருகிறவர், ஆட்டையே தருகிறவர் கேட்பது பத்தில் ஒன்று. அதைக் கொடுக்க நாம் எத்தனை முணுமுணுப்பு முணுமுணுக்கிறோம், எத்தனை நோஞ்சான் ஆட்டைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிறோம். வாரின் அவர்கள் கேட்பது எட்டில் ஒன்று. அதை முணுமுணுக்காமல் கொடுக்கிறோம், மாலை போட்டுக் கொடுக்கிறோம், கள் வார்த்துக் கொடுக்கிறோம், கொடுக்காதவளைப் பாலத்தில் மறித்துப் பிடித்து வந்து கொடுக்கிறோம். கடவுளை விடப் பெரியவரா இவர்? கடவுளுக்கும் மேலே ஒருவரை உட்கார வைத்துவிட்டு, அவர் காலடியில் உருண்டுகொண்டு, இதற்குப் பெயர் ஊர் மானம் என்றா சொல்கிறீர்கள்? கேட்கவே எனக்குக் கூசுகிறது.

போகட்டும். இப்போது கை தூக்கும் நேரம். பீப்பாயை இன்னும் உடைக்கவில்லை, அதனால் தூக்குவது உங்கள் சொந்தக் கையாகத்தான் இருக்கும். குன்னோராவின் கம்பளியை எந்தக் கல்லில் நிறுப்பது? அவள் ஆடுகள் நாளைக் காலையில் எங்கே மேய்வது? பித்தளையும் மேய்ச்சலும் என்பவர்கள் கையைக் காட்டுங்கள்.

தாய்மார்கள் பக்கம் முழுவதும் தூக்கிவிட்டார்கள். கதிரோடு தூக்குகிறார்கள், பக்கத்தில் நிற்பவர்கள் கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். யார் முதலில் என்றுதானே? இதோ, எனக்குப் பக்கத்தில் ஒரு கை எழுகிறது. ஆட்டு ரோமத்தின் எண்ணெய் படிந்த கை. பாலத்தில் கழுதையைத் திருப்பிய அதே கை. அட்கின், அழாதே. போன தடவை அழுதாயே, அதற்கு இது எவ்வளவோ மேல்.

இனி எண்ண வேண்டியதில்லை. பின்வரிசை வரை கைகள்தான் தெரிகின்றன.

வாரின் அவர்களே, இந்த மேடையைத் தந்தமைக்கு நன்றி. பீப்பாயை நீங்கள் திருப்பி எடுத்துக்கொண்டு போக நினைத்தால் அதற்கும் சேர்த்து நன்றி. பெரியோர்களே, விழித்துக்கொண்டமைக்கு நன்றி. தாய்மார்களுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம். குன்னோரா, உன் கம்பளியை நீயே நின்று நிறுத்துக்கொள்.

நிறைவாக, பெரியவரே, உமக்கும் ஒரு வார்த்தை. உம்மைப் புகழத்தானே வந்தேன், புகழ்ந்துவிட்டே போகிறேன். இந்தச் சந்தையில் யாரையும் ஏமாற்றாதவர் நீர் ஒருவர்தான். நான் இவ்வளவு கனம், நான் இவ்வளவு கனம் என்று இத்தனை வருஷமும் தட்டில் உட்கார்ந்து எல்லோர் கண்ணுக்கும் தெரியக் காட்டிக்கொண்டுதான் இருந்தீர். நாங்கள்தான் அதைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தோம். போய் வாரும். வணக்கம்.