முதல் பொட்டு

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் பழைய லாப்டாப். அவர்கள் பேசிய சத்தத்துக்கு நான் காதைத் தீட்ட வேண்டியிருக்கவில்லை.

"நாளைக்கு இதுக்குத்தான்டி முதல் பொட்டு."

"இதுதான் செத்துப் போச்சேலா!"

"எல்லாரும் கம்ப்யூட்டர் கேம் உருவாக்குற பெரிய சாஃப்ட்வேர், 'எஞ்சின்'னு சொல்வோம், அது இதுல ஓடவே ஓடாது. அதனாலதான் யாரும் சீண்டாத ஃப்ரீ எஞ்சின்ல கத்துக்கிட்டேன். இப்ப அந்தப் பெரிய எஞ்சின் கம்பெனிக்காரன் கட்டணத்த ஏத்திட்டான். எங்க ஆபீஸே ஃப்ரீக்கு மாறிடுச்சு. அங்க அது தெரிஞ்ச ஆளு நான் ஒருத்திதான். வேலைய நிரந்தரமாக்கிட்டாங்க."

"உங்க வீட்டுல எப்பவும் அப்பா லாரிக்குத்தானே முதல் பொட்டு?"

"அப்பாவேதான் சொன்னாரு, லாரி இந்த வருஷம் பொறுத்துக்கும்லான்னு."