கப்பலுக்கும் காவலரணுக்கும் சரி பாதி

"படுங்கோ! படுங்கோ!"

படுக்கிறோம். மணல் வாய்க்குள் போகிறது. அப்பாவின் முழங்கை என் முதுகில் அழுத்துகிறது. அம்மா தம்பியின் மேல் கிடக்கிறார். தூரத்தில் 'டப்' என்று கிளம்பும் சத்தம். பிறகு கூவல். கூவல் நீளமாக இருந்தால் நம்மைத் தாண்டிப் போகிறது. குட்டையாக இருந்தால் பக்கத்தில் விழும். இது குட்டை. வெடிக்கிறது. காதுக்குள் ஒரு கம்பி இழுபடுகிறது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எதிரே ஒரு பெண் வாய் திறந்து கத்துகிறாள். சத்தம் இல்லை.

2009, மே மாதம். முள்ளிவாய்க்கால் கடற்கரை. எனக்குப் பதினொரு வயது. தம்பி கபிலனுக்கு மூன்று.

கடற்கரை மணலில் பங்கர்க் குழி நிற்காது. வெட்ட வெட்டச் சரியும். சுற்றி மணல் மூட்டை அடுக்க வேண்டும். சாக்குகள் தீர்ந்துவிட்டன. பெண்கள் சேலைகளைக் கிழித்துப் பை தைத்தார்கள். அம்மா கடைசியாகத் தன் கூறையை எடுத்தார். கல்யாணத்தன்று உடுத்திய சிவப்புப் பட்டு. நானும் அம்மாவும் கைத்தையல் போட்டோம். ஜரிகையில் ஊசி இறங்க மறுத்தது. அப்பா மணல் அள்ளிப் போட்டார்.

எங்கள் குழியிலிருந்து தெற்கே பார்த்தால் காவலரண் தெரியும். காங்கிரீட். தடித்த சுவர். கடலைப் பார்த்து நீளமான துளை. கடல் வழியாக வரும் படையைத் தடுக்கப் போராளிகள் கட்டியது. வடக்கே கப்பல். சண்டை இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே கரை தட்டிய பெரிய சரக்குக் கப்பல். யாராலும் நகர்த்த முடியவில்லை. எல்லோரும் அதை வைத்துத்தான் இடம் சொன்னார்கள். கப்பலடியில் கஞ்சி கொடுக்கிறார்கள். கப்பலடியில் ஷெல் விழுந்தது. கப்பலடிக்கு வராதே.

அன்று காலை ஷெல் நிற்கவே இல்லை. எங்கள் குழியின் ஒரு பக்கம் சரிந்தது. அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு காவலரணுக்கு ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

"பிள்ளையை மட்டும் எண்டாலும் உள்ள விடுங்கோ!"

உள்ளே இருந்து ஒரு பெண் குரல். என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும்.

"இடமில்லை அண்ணை! நிக்காதேங்கோ! ஓடுங்கோ!"

திரும்பி ஓடினோம். வழியில்தான் அந்தக் குட்டைக் கூவல்.

காது திறந்தபோது அம்மா எழ முயன்றார். முடியவில்லை. இடுப்பில் ரத்தம். அப்பா அவரைப் புரட்டினார். ஷெல் துண்டு அம்மாவின் இடுப்பு வழியாகப் போயிருந்தது. போய் தம்பியிடம் நின்றிருந்தது. அம்மா அவனை முழுதாக மூடித்தான் படுத்திருந்தார். எந்த இடைவெளியும் விடவில்லை. அதனால் பயன் இல்லை.

அப்பா எங்கள் குழிக்கு ஓடி ஒரு கூறைப் பையைக் கொண்டுவந்தார். மணலைக் கொட்டினார். தம்பியை அதற்குள் வைத்தார். அளவாக இருந்தது. விழுந்த இடத்திலேயே கையால் தோண்டினார். நானும் தோண்டினேன். அம்மா கிடந்தபடியே பார்த்தார்.

அப்பா மீனவர். நடுக்கடலில் வலை போட்ட இடத்தை மறக்காமலிருக்கக் கரையைப் பார்த்துக் குறி எடுப்பார். இந்தக் கோபுரம், அந்தப் பனை என்று. அன்று மணலில் எழுந்து நின்றார்.

"இருங்கோ! தலையைக் குனியுங்கோ!" அம்மா கத்தினார்.

அப்பா குனியவில்லை. வடக்கே பார்த்தார். தெற்கே பார்த்தார்.

"பிள்ளை, கேள். கப்பலின்ர மூக்கும் காவலரணும். ரெண்டுக்கும் சரி பாதி. சொல்லு."

சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

பனைகளை அவர் நம்பவில்லை. அவை தலையில்லாமல் நின்றன. கப்பலை நம்பினார். எத்தனை ஷெல் பட்டும் அசையாத இரும்பு. நானும் நம்பினேன். அந்தக் கரையில் எல்லோரும் நம்பினார்கள்.

மறுநாள் அப்பா அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பாதையில் கூட்டம். ஒரு வெடி. அப்பா உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். பின்னால் வந்தவர்கள் அம்மாவைத் தூக்கினார்கள். "நிக்காத! நட! நட!" என்று யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நடந்தேன்.

இப்போது கடலுக்கு இந்தப் பக்கம், வேப்பம்பட்டில் இருக்கிறேன். முகாம் வாழ்க்கைக்குப் பிறகு ஓர் உறவினர் எங்களைக் காட்டுப்பாக்கத்துக்கு வரவழைத்தார். இங்கேதான் பள்ளி, கல்லூரி. கணவர் சேகருக்கு வெள்ளானூர். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. அம்மா எங்களுடன் இருக்கிறார். கைத்தடி ஊன்றி நடப்பார். ஸ்டேஷனில் நிற்காத எக்ஸ்பிரஸ் வந்தால் ஜன்னல் அதிரும். அப்போது அம்மா என் மகள் இனியாவை இழுத்து மடியில் அமுக்கிக்கொள்வார். "உடு அம்மம்மா, மூச்சு முட்டுது" என்று அவள் திமிறுவாள். ரயில் போன பிறகும் அம்மா விடமாட்டார்.

இனியாவுக்கு மூன்று வயது நிறைந்தது. கேக் வெட்டினோம். அதற்குப் பிறகு அம்மா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஒருநாள் என் கையில் ஓர் எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்தார்.

"அவன்ர இடத்தில ஒரு பிடி மண் எடுத்து வா. நான் கண்ணை மூடினா என்னோட வை."

மறுக்க முடியவில்லை. என்னிடம் இருப்பது இலங்கைப் பாஸ்போர்ட்தான், போகலாம். ஆனால் குழந்தையை அங்கே கூட்டிப் போகலாமா? விட்டுவிட்டுப் போகலாமா? என்னைவிட்டு ஓரிரவும் இருந்ததில்லை. அங்கே ஏதாவது காலில் குத்திவிட்டால்? மண்ணுக்குள் என்னென்ன இருக்குமோ?

"இன்னாத்துக்கு இவ்ளோ யோசிக்கிற?" என்றார் சேகர். "புள்ளைய இங்க உட்டுட்டு அங்க குந்திகினு அழுவப் போறியா? மூணு பேரும் போவோம். ஷூ போட்டு இட்டுகினு போ."

ஷூ போட்டு அழைத்துப் போனேன்.

கடற்கரையில் வேன் நிற்கிறது. இறங்கியதும் இனியாவுக்கு அவசரம். சேகர் அவளைத் தேநீர்க் கடைக்குப் பின்னால் தூக்கிப் போகிறார். "இந்தாண்ட யாரும் இல்ல. குந்து கண்ணு." நான் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுக்கிறேன்.

காவலரண் அப்படியே நிற்கிறது. ஒரு மூலை மட்டும் உடைந்து கம்பி தெரிகிறது. ஒரு சுற்றுலாப் பேருந்து வந்திருக்கிறது. பயணிகள் துளைக்குள் முகத்தை வைத்துப் படம் எடுக்கிறார்கள். ஒருவர் துப்பாக்கி பிடிப்பதுபோல் கையை நீட்டுகிறார். மற்றவர்கள் சிரிக்கிறார்கள்.

இனியா என் கையை உதறிவிட்டு உள்ளே ஓடுகிறாள்.

"அம்மா! ஊடு மாதிரி கீது! வா, வா!"

"வெளிய வா!"

அது என் குரல்தான். பதினொரு வயதில் கேட்ட குரல்களைப் போல இருந்தது. பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். இனியா வரவில்லை. நானே உள்ளே போனேன். கதவு கிடையாது. யாரும் தடுக்கவில்லை. மூத்திர வாடை. சுவரில் காதலர்களின் பெயர்கள். இனியா மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஒளிஞ்சிகினேன். கண்டுபுடி."

அவள் உட்கார்ந்த இடம் சிறியது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு இடம் போதும். சுற்றிப் பார்த்தேன். பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம். அன்று உள்ளே எத்தனை பேர் இருந்தார்களோ, எனக்குத் தெரியாது. உண்மையிலேயே இடம் இல்லாமல் இருந்திருக்கலாம். இதை எழுதும்போதும் அந்தப் பெண்ணுக்கு அநியாயம் செய்கிறேனோ என்று தோன்றுகிறது. அவளும் அங்கிருந்து உயிரோடு வந்திருக்க மாட்டாள். ஆனால் அந்த மூலை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இனியாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வடக்கே பார்த்தேன்.

கடல். மணல். கப்பல் இல்லை.

இடம் தவறிவிட்டதோ என்று நினைத்தேன். காவலரணைத் திரும்பிப் பார்த்தேன். அதுதான். வடக்கே மறுபடி பார்த்தேன். அவ்வளவு பெரிய இரும்பு நின்ற இடத்தில் வானம் இருந்தது.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவரிடம் ஓடினேன்.

"கப்பலோ? அதை வெட்டி வித்துப்போட்டாங்கள் அக்கா. கன காலமாச்சு. மிச்சம்தான் அங்கங்க கிடக்கு."

கிடந்தது. முதல் துண்டு அலைக்குள். மீன் முள் போலத் துருப்பிடித்த விலா. இரண்டாவது மணலில் பாதி புதைந்த தகடு. மூன்றாவது இன்னும் வடக்கே, பற்றைப் புதருக்குள்.

"இதில மூக்கு எது அண்ணை?"

"ஆர் கண்டது? இழுத்து இழுத்துத்தான் வெட்டினவங்கள். நிண்ட இடத்தில ஒண்டும் இல்லை."

சேகர் தகட்டைத் தட்டிப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

"இது மூக்கா, வாலான்னு எவனாலம்மா சொல்ல முடியும்? எல்லாம் ஒரே துரு."

மூன்று இரும்பு. மூன்று பாதி.

அலைக்குள் கிடந்த விலாவைப் பார்த்துப் பாதி எடுத்தேன். அது ஈரமணலில் விழுந்தது. என் கால் மேல் அலை வந்து போனது. தகட்டைப் பார்த்துப் பாதி எடுத்தேன். நடந்தேன். தேநீர்க் கடையின் பின்புறம் வந்து நின்றேன். அங்கே மணலில் சின்ன வட்டமாக ஈரம். இன்னும் காயவில்லை. பக்கத்தில் இனியாவின் ஷூ தடம்.

சேகரும் அதைப் பார்த்தார்.

"தெரியாம பண்ணிட்டோம்மா. கொயந்தைதானே. உன் தம்பியும் கொயந்தைதானே. கோச்சிக்க மாட்டான்."

மூன்றாவது பாதிக்கு நடந்தேன். பற்றை. வண்டித் தடம். தடத்தின் ஓரத்தில் மணலுக்கு வெளியே துணி நீட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு. ஓரத்தில் கறுத்த ஜரிகை.

முழங்காலில் விழுந்து கிண்டினேன். நகத்துக்குள் மணல் ஏறியது. கைத்தையல் தெரிந்தது. என் தையலா? தையலைப் பார்த்தால் என் கை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியவில்லை. இன்னும் கிண்டினேன். அதன் கீழே இன்னொரு துணி. அதுவும் சிவப்பு. அதிலும் ஜரிகை.

மீனவர் வந்து நின்றார்.

"எல்லாற்ற கூறையும் சிவப்புத்தானே அக்கா. எல்லாரும் தைச்சவைதானே. கிண்டாதேங்கோ. கிண்டினா மண்ணுக்குள்ளயிருந்து ஆரும் வருவினம்."

கையை எடுத்தேன். மணலைத் தள்ளி மூடினேன்.

இனியா பசி என்று அழத் தொடங்கினாள். வேன்காரர் ஹாரன் அடித்தார். நான் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். வெறும் டப்பாவோடு எப்படித் திரும்புவது? பொய் மண்ணை எடுத்துப்போவது எப்படி?

"மூணு எடத்துலயும் ஒவ்வொரு பிடி எடுத்துக்கோ," என்றார் சேகர். "எதுனா ஒண்ணு அவனோடதா இருக்கும்ல?"

அது சரியாகப் பட்டது. ஒன்றையும் விடக்கூடாது என்றுதான் நினைத்தேன். அலையோரத்தில் ஒரு பிடி. கடைக்குப் பின்னால், ஈரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு பிடி. பற்றையோரத்தில் ஒரு பிடி. மூன்றையும் டப்பாவில் போட்டேன். மூடி சரியாகப் பொருந்தக் குலுக்கினேன்.

வேப்பம்பட்டு வந்து சேர்ந்தோம். அம்மா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடியிருந்தேன். இனியா முந்திக்கொண்டாள்.

"அம்மம்மா, கப்பல் இல்ல! ஓட்டை ஊடு மட்டும்தான் கீது! நான் உள்ள போய் ஒளிஞ்சிகினேன்!"

அம்மா என்னைப் பார்த்தார்.

"கப்பல் எங்கயடி போகும்? அது ஓடாத கப்பல்."

சொன்னேன். வெட்டியதை, மூன்று துண்டை, மூன்று பாதியை. கடைக்குப் பின்னால் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. அம்மா டப்பாவைத் திறந்தார். விரலால் மணலைத் தொட்டார். முகர்ந்தார்.

"எது அவன்ர பிடி?"

"கலந்துதானம்மா இருக்கு."

"மூண்டையும் மூண்டாக் கொண்டு வந்திருந்தா நான் பார்த்துச் சொல்லியிருப்பன்."

"இன்னா அத்தே," என்று சேகர் தொடங்கினார். "மண்ணப் பாத்து எப்டி…" நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் நிறுத்திக்கொண்டார்.

அம்மா சொல்லியிருப்பார். ஒன்றைத் தொட்டு, இதுதான் என்றிருப்பார். அது சரியா தவறா என்று யாருக்கும் தெரியாது. அவருக்கு அது போதுமாக இருந்திருக்கும். நான்தான் குலுக்கினேன்.

அம்மா மூடியை அழுத்தி மூடினார். டப்பாவை என்னிடம் நீட்டினார்.

"இதை என்னோட வைக்காத. இதில ஆரின்ர பிள்ளையளோ இருக்கு. பெத்தவள் எங்கயோ தேடிக்கொண்டிருப்பாள்."

எக்ஸ்பிரஸ் போனது. ஜன்னல் அதிர்ந்தது. அம்மா இனியாவை இழுத்து மடியில் அமுக்கினார்.

டப்பா என் அலமாரியில் இருக்கிறது. கொட்டவும் முடியவில்லை. வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. இனியா அதைத் திறந்துவிடுவாளோ என்று மேல் தட்டுக்கு மாற்றினேன்.

கணக்கு இதுதான். அந்தக் கரைக்கு நான்கு பேர் போனோம். இரண்டு பேர் வந்தோம். அம்மாவின் கூறை ஒன்று போனது. அம்மாவின் ஒரு காலில் பாதி பலம் போனது. என் இடது காதில் பாதி கேட்கும் சக்தி போனது. கப்பல் போனது. அதோடு தம்பி இரண்டாவது முறை போனான். மூன்று வயதுக் கபிலனுக்கு ஒரு குறி இருந்தது. இப்போது இல்லை.

அப்பாவுக்கு அதுவும் இல்லை. அவர் சாய்ந்த இடத்தில் நின்று, வடக்கே பார்த்து, தெற்கே பார்த்து, குறி எடுக்க யாரும் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை.