கடித்து வைத்த ரொட்டி

எர்காஷ்: கடி.

முயஸ்ஸர்: கடிக்கிறேங்க... சுடுது.

எர்காஷ்: விடிகாலையில அடுப்புல இருந்து எடுத்த ரொட்டி. இன்னுமா சுடுது?

முயஸ்ஸர்: எனக்குச் சுடுது.

எர்காஷ்: பத்து நிமிஷத்துல டாக்சி வந்துடும். ஒரே ஒரு கடி கடிச்சுக் குடு, ஆணியில மாட்டிடறேன். ஜெர்மனியில ரெண்டு வருஷம் படிச்சு முடிச்சுட்டு வந்து மீதியைத் தின்னலாம்.

முயஸ்ஸர்: ரெண்டு வருஷம் காஞ்ச ரொட்டியைத் தின்னா என் பல்லு இருக்குமா?

எர்காஷ்: டீயில ஊறவெச்சுத் தர்றேன். எங்கப்பா பட்டாளத்துல இருந்து வந்து அப்படித்தான் தின்னாராம். கடிச்சு வெச்ச ரொட்டி ஆளைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும்மா. விடாது.

முயஸ்ஸர்: தெரியும், தெரியும்... அய்யோ, குப்புற வைக்காதீங்க! மர்கிலான் ஊர்லயே பேர் போன ரொட்டிக்காரர், ரொட்டியைக் குப்புற வைக்கலாமா?

எர்காஷ்: அவசரத்துல கவனிக்கலை.

முயஸ்ஸர்: உங்களுக்கு என்ன அவசரம்? போறவ நான்.

எர்காஷ்: அதான... போறவ நீ. கடி.

முயஸ்ஸர்: முதல்ல ஒண்ணு சொல்லுங்க. நம்ம கல்யாணப் பத்திரம் எங்க?

எர்காஷ்: அலமாரியில.

முயஸ்ஸர்: இல்ல.

எர்காஷ்: அப்போ... எலி.

முயஸ்ஸர்: மாவு மூட்டையை விட்டுட்டு எலி கல்யாணப் பத்திரத்தைத் தின்னுச்சா?

எர்காஷ்: படிச்ச எலியா இருக்கும். உன்னை மாதிரி.

முயஸ்ஸர்: சிரிக்காதீங்க. ரயிலடித் தெருவுல பச்சைக் கதவு வீட்டுக்கு ஆறு மாசமா போறீங்களாமே. சாயங்காலம் ஆனா...

எர்காஷ்: யாரு சொன்னா?

முயஸ்ஸர்: உங்க கடை வரிசையில நிக்கிற பொம்பளைங்கதான். நீங்க ரொட்டி விக்கிறீங்க, அவங்க சேதி விக்கிறாங்க.

எர்காஷ்: சதுரங்கம் ஆடப் போறேன்.

முயஸ்ஸர்: யார்கூட?

எர்காஷ்: எம்மா கார்லொவ்னான்னு... ஒரு கிழவி.

முயஸ்ஸர்: கிழவியா? ஜெயிச்சீங்களா?

எர்காஷ்: முதல் தடவை தோத்தேன். ரெண்டாவது தடவை ஜெயிச்சுட்டேன்.

முயஸ்ஸர்: ஆறு மாசத்துல ரெண்டே ஆட்டமா?

எர்காஷ்: கிழவி ரொம்ப யோசிச்சு ஆடும்.

முயஸ்ஸர்: அது போகட்டும். மாவு வாங்கணும்னு ரெண்டு தடவை தாஷ்கந்து போனீங்களே. மாவு எங்க?

எர்காஷ்: மாவு... சரியில்ல. வாங்கலை.

முயஸ்ஸர்: ரெண்டு தடவையுமா? அடுப்புக்குள்ள தலையை விட்டுக்கிட்டு என்னமோ முணுமுணுக்கிறீங்களே, அது?

எர்காஷ்: ஓதுறேன். ரொட்டி உப்பி வரணும்ல.

முயஸ்ஸர்: பதினோரு வருஷமா ஓதாமலே உப்பி வந்துச்சு! முதுகு வலின்னு கடையை உங்க தம்பிகிட்ட விட்டாச்சு. பத்திரத்தைக் காணோம். பச்சைக் கதவு வேற... என்னங்க நடக்குது? பொண்டாட்டி விமானம் ஏறட்டும், நாம கோர்ட்டுப் படி ஏறலாம்னு இருக்கீங்களா?

எர்காஷ்: அடிப்பாவி! விவாகரத்தா? ஹா... ஹா... ஹா!

முயஸ்ஸர்: இதுல சிரிக்க என்ன இருக்கு?

எர்காஷ்: பள்ளிக்கூடத்துல ரசாயனம் சொல்லிக் குடுக்கிறவ. ரெண்டைச் சேத்து மூணாவதா என்ன வரும்னு சரியாச் சொல்ல வேண்டாமா?

முயஸ்ஸர்: பேச்சை மாத்தாதீங்க. பேரைப் பாரு, எர்காஷ்! "பின்னாடியே வா"ன்னு பேர் வெச்சுக்கிட்டு, என்னைக்காவது என் பின்னாடி வந்திருக்கீங்களா? கடைத்தெருவுல பத்தடி முன்னாடிதான் நடை.

எர்காஷ்: அண்ணன் பொறந்த கையோட நானும் பொறந்துட்டேன்னு எங்கம்மா வெச்ச பேரு. நான் என்ன பண்ண? டாக்சி வர்ற நேரம். கடி.

முயஸ்ஸர்: முடியாது.

எர்காஷ்: ஏன்?

முயஸ்ஸர்: போகாதவ கடிக்கக் கூடாது. பொய்க் கடி கடிச்சா ரொட்டிக்கு ஆகாது.

எர்காஷ்: என்ன சொல்றே நீ?

முயஸ்ஸர்: நான் போகலைங்க.

எர்காஷ்: அப்போ அந்தப் பெட்டி?

முயஸ்ஸர்: பெட்டியில ஒரு கைக்குட்டை கூட இல்ல. ரெண்டு நாளா வெறும் பெட்டியைப் பூட்டி வெச்சுக்கிட்டு ஏமாத்திட்டு இருக்கேன். டாக்சி வந்ததும் தலைவலின்னு படுத்துடலாம்னு...

எர்காஷ்: மூணு வருஷம், முயஸ்ஸர்! ஒரு கையில கரண்டி, ஒரு கையில புத்தகம். சூப்பு எத்தனை நாள் அடிப்பிடிச்சுது? நான் வாயைத் திறந்தேனா?

முயஸ்ஸர்: திறந்தீங்க. "இன்னிக்குப் புகை வாசம் நல்லாருக்கு"ன்னீங்க.

எர்காஷ்: உப்பேறின நிலத்தை எப்படி மீட்கிறதுன்னு படிச்சுட்டு வருவேன்னு சொன்னியே. நம்ம மண்ணுல கோதுமை விளையலைன்னா நான் எதைச் சுடுவேன்?

முயஸ்ஸர்: எனக்கு மட்டும் ஆசையில்லையா? படிக்கச் சொல்லிக் கூப்பிட்ட கடிதத்தை எத்தனை தடவை எடுத்துப் பாத்தேன் தெரியுமா? மடிச்ச இடம் கிழிஞ்சே போச்சு. ஆனா ஒய்தின்... ஏழு வயசுங்க அவளுக்கு. நேத்து அத்தை வீட்டுக்குப் போறப்போ ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. சிரிச்சுக்கிட்டே போறா! பெத்தவ ரெண்டு வருஷம் இருக்க மாட்டா, அவளுக்குச் சிரிப்பு. இப்பவே இப்படின்னா, திரும்பி வர்றப்போ "யாரு நீங்க"ன்னு கேப்பா. எனக்குப் பயமா இருக்கு.

எர்காஷ்: அழுறியா?

முயஸ்ஸர்: பின்ன? பாடவா சொல்றீங்க?

எர்காஷ்: சரி. போகலைன்னா போகலை. அந்தப் பெட்டியைத் தூக்கி மூலையில வை. காலிப் பெட்டிதானே.

முயஸ்ஸர்: அவ்வளவுதானா? ஒரு தடவை கூட "போ"ன்னு சொல்ல மாட்டீங்களா?

எர்காஷ்: பெட்டியைத் தூக்கும்மா.

முயஸ்ஸர்: தூக்கறேன்... அம்மாடி! என்ன இது? அசையவே மாட்டேங்குது!

எர்காஷ்: காலின்னியே.

முயஸ்ஸர்: பூட்டித்தானே வெச்சேன்! சாவி...

எர்காஷ்: மாவு டப்பாவுல. ரொட்டிக்காரன் கைபடாத இடமாப் பாத்து ஒளிச்சே பாரு!

முயஸ்ஸர்: திறங்க... இது என் கம்பளிக் கோட்டு... எதுக்கு இத்தனை காலுறை?

எர்காஷ்: வீட்டுல இருந்த காலுறை அத்தனையும் வெச்சேன். எது எதோட ஜோடின்னு தெரியலை.

முயஸ்ஸர்: இந்தச் சிவப்பு பூட்ஸ்... இது ஒய்தினோடது. இதை ஏன் வெச்சீங்க? பாத்துப் பாத்து அழவா?

ஒய்தின்: அம்மாஆ! டாக்சி வந்தாச்சு! நான் ஏறிட்டேன்! விமானத்துல சன்னல் ஓரம் எனக்கு!

முயஸ்ஸர்: அவ... அவ ஏன் டாக்சியில இருக்கா?

எர்காஷ்: நேத்து ஏன் அழலைன்னு கேட்டியே.

முயஸ்ஸர்: என் பொண்ணு என்கூட வர்றாளா? நெஜமாவா? யா அல்லா... விசா? விண்ணப்பத்துல நான் கையெழுத்தே போடலையே!

எர்காஷ்: போட்டே. ஒய்தின் பள்ளிக்கூடத் தாளுன்னு ஒரு கட்டு நீட்டினேன். "கேள்வியைப் படிக்காம பதில் எழுதாதே"ன்னு பிள்ளைங்களைத் திட்டுற டீச்சர், படிக்காமலே போட்டாங்க.

முயஸ்ஸர்: திருட்டு மனுஷா! ஒய்தின்! இறங்காதடி, இதோ வர்றேன்!... இருங்க. அப்போ நீங்க?

எர்காஷ்: எனக்கென்ன.

முயஸ்ஸர்: ரெண்டு பேரையும் அனுப்பிட்டு இந்த வீட்டுல ஒத்தையா என்ன பண்ணுவீங்க? யாரு சமைப்பா? கிழவியோட சதுரங்கம் ஆடிட்டே இருப்பீங்களா?

எர்காஷ்: கிழவியோட ஆட்டம் முடிஞ்சுது. டாக்சிக்காரன் கத்தப் போறான், ஆணி மேல தொங்குற துணியை விலக்கிப் பாரு.

முயஸ்ஸர்: ஏற்கெனவே ரெண்டு ரொட்டி மாட்டியிருக்கு... இந்தச் சின்னக் கடி ஒய்தினோடது. விழுந்த பல்லோட இடைவெளி அப்படியே இருக்கு. என் கண்ணே!... அப்போ பக்கத்துல இது? பாதி ரொட்டியை விழுங்கின மாதிரி இவ்வளவு பெரிய கடி, இது யாரு? என்னங்க... பெட்டிக்குள்ள அடியில ரொட்டிக்குப் பூக்குத்துற அச்சு எதுக்கு? நான் படிக்கத்தானே போறேன்?

எர்காஷ்: நீ படிப்பே, நான் சுடுவேன். அந்தக் கிழவி ஜெர்மன் டீச்சர், அடுப்புக்குள்ள நான் ஓதினதும் அந்தப் பாடம்தான். தாஷ்கந்துல பரீட்சை, முதல் தடவை தோத்து ரெண்டாவது தடவை தேறினேன். கல்யாணப் பத்திரம் அச்சுக்குக் கீழ இருக்கு, நான் உன் புருஷன்னு ஜெர்மனிக்காரங்களுக்கு அத்தாட்சி வேணுமாம். இப்பவாவது கடி... கடிச்சுட்டு நீ முன்னாடி நட, முயஸ்ஸர். பத்தடி பின்னாடி நான் வர்றேன். என் பேரு எர்காஷ்.