ஒரு பைட் தள்ளி

புங்குடுதீவில் இணையம் நன்றாகவே வேலை செய்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு இணைப்பு விழுந்துவிட்டது என்று வசீகரன் அண்ணை விசாரிக்க வந்த உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் எங்கள் ஊர்க்காரர்தான், ஆனால் ரொறன்ரோவில் இருப்பவர். இங்கத்தைய நிலைமை தெரியாது.

எங்கள் ஊரில் பல வீடுகளில் வயதானவர்கள் தனியே இருக்கிறார்கள்; பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்களுக்காக நானும் அண்ணையும் ஒரு கைப்பட்டி செய்தோம். கட்டியிருப்பவர் விழுந்தாலோ பொத்தானை அழுத்தினாலோ பிள்ளையின் போன் அலறும். யோசனை அவருடையது. பட்டி அனுப்பும் செய்தியை வாங்கிப் பிரித்துச் சொல்லும் புரோகிராம் முழுவதும் நான் எழுதியது. அந்தச் செய்தியில் சொற்கள் கிடையாது. வெறும் எண்கள், வரிசையாக: யாருடைய பட்டி, என்ன நடந்தது, நாடித்துடிப்பு எவ்வளவு. எந்த இடத்தில் எது என்பதில் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

முதல் பட்டியைக் கட்டியவர் அண்ணையின் தகப்பன், தம்பிஐயா மாமா. காலி நகரத்தில் கடை வைத்திருந்தவர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி, தனியே இருந்தார். சோதனைக்காகப் பாயில் பொத்தென்று விழுந்து காட்டுவார். "பிள்ளை, இப்பிடி விழுந்தாக் காணுமோ, இன்னொருக்கா விழவோ?" என்பார்.

பிறகு அண்ணை எல்லாவற்றையும் ரொறன்ரோவில் உள்ள ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தார். அறிமுக விழாவை நேரலையில் பார்த்தேன். புரோகிராம் யார் எழுதியது என்று ஒருவர் கேட்டார். "ஊரிலை ஒரு பிள்ளை டைப் பண்ணித் தந்தது," என்றார் அண்ணை. சபை சிரித்தது. என் பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார்.

மார்கழியில் நிறுவனம் புதிய பட்டிகளை அனுப்பியது. அண்ணை எனக்குப் போன் எடுத்தார்.

"கிருசாந்தி, எல்லாருக்கும் நாடித்துடிப்பு பூச்சியம் எண்டு காட்டுது. செத்த ஆக்களின்ரை பட்டியல் மாதிரிக் கிடக்கு. ஒருக்கால் பாரும்."

"கொம்பனியிலை ஆக்கள் இல்லையோ?"

"அவையளுக்கு உம்மடை எழுத்து விளங்குதில்லை."

பார்த்தேன். புதிய பட்டி பற்றரி அளவையும் நடுவில் செருகி அனுப்பியது. ஒரு பைட், அதாவது ஓர் எண்ணுக்கான இடம், கூடியதால் பின்னால் வந்த எல்லாம் ஓரிடம் தள்ளிப்போயின. என் புரோகிராம் பற்றரி அளவை நிகழ்வு என்றும், நிகழ்வை நாடித்துடிப்பு என்றும் வாசித்தது. ஒன்றும் நடக்காதபோது நிகழ்வு எண் பூச்சியம். ஆகவே துடிப்பும் பூச்சியம்.

நாடித்துடிப்பைச் சரியான இடத்திலிருந்து எடுக்கச் செய்தேன். அவர் கேட்டது அதைத்தான். நிகழ்வை அப்படியே விட்டேன். பற்றரி எண் எந்த நிகழ்வோடும் பொருந்தாது. பொருந்தாததை 'நலம்' என்று எடுத்துக்கொள்ள முன்பே எழுதியிருந்தேன்.

"இப்ப வடிவா வருது. நீர் இல்லாட்டி ஏலாது," என்றார் அண்ணை. யாரையாவது விழுந்து காட்டச் சொல்லி அவர் சோதிக்கவில்லை. நானென்றால் சோதித்திருப்பேன்.

யாரோ ஒருவர் விழுவார், போன் பேசாமல் இருக்கும், நிறுவனம் என்னைத் தேடி வரும் என்று நினைத்தேன். அது யார் என்பதை நான் தெரிவு செய்யவில்லை.

மழை விட்ட ஒரு காலையில், வருகின்ற செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவின் பட்டி. விழுந்ததைக் குறிக்கும் எண். அதை வாசிக்க எனக்குப் புரோகிராம் தேவையில்லை. பிறகு பொத்தான். திரும்பவும் பொத்தான். ரொறன்ரோவில் அப்போது இரவு. அண்ணையின் போனில் 'நலம்' என்று பச்சையாகக் கிடந்திருக்கும்.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். "என்ன பிள்ளை பாக்கிறாய்?"

"வேலை அம்மா."

ஒழுங்கையால் நடந்திருந்தால் தேத்தண்ணி ஆற முன் போய்ச் சேர்ந்திருக்கலாம். மாமா பிழைத்திருப்பார். பட்டி காப்பாற்றியது என்று அண்ணை விளம்பரம் போட்டிருப்பார். அதிலும் என் பெயர் இராது.

நான் திருத்திய பகுதி பிழையின்றி வேலை செய்தது. துடிப்பு இறங்க இறங்க, ஒவ்வொரு முறையும் சரியான எண்ணையே காட்டியது. மத்தியானத்துக்கு மேல் பூச்சியம் வந்தது. கிணற்றடியில் வழுக்கியிருந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

செத்தவீட்டில் அண்ணை என் முன்னால் நின்று அழுதார். "அப்பா தனியக் கிடந்து செத்திட்டார், கிருசாந்தி."

அதை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். மாமா தனியாகச் சாகவில்லை. கடைசித் துடிப்பு வரை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.