ஆர்டித்தின் ராக்கெட்டில் நான் போட்ட கீறல்

எந்தக் காற்றுக்கும் கலையாத இந்த ராக்கெட் சங்கக் கூட்டத்தைக் கட்டி மேய்க்கும் அவைத்தலைவர் லவோன் ஷ்ராக் அவர்களே! கோதுமை அறுத்த தாளடியை எங்களுக்குத் திறந்துவிட்டு, எங்கள் ராக்கெட்டுகளோடு எங்கள் தொல்லையையும் தாங்கிவரும் பெருந்தகை ஓர்லோ பென்னர் அவர்களே! 'மேலே பாருங்க, மேலே பாருங்க' என்று கத்தியே தொண்டை கட்டிப்போன தோழர்களே! தீயணைப்பு வண்டிகளை வெளியே தள்ளிவிட்டு இந்தக் கூடத்தில் நாற்காலி போட்ட நண்பர்களே! முட்டைக்கோசும் கறியும் பொதிந்த பீராக் ரொட்டியைச் சுட்டடுக்கி, என் பேச்சு எப்போது முடியுமென்று கடிகாரத்தைப் பார்க்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் அமர்ந்திருக்கும் ஆர்டித் கேன் அம்மையாரே! உங்கள் அனைவருக்கும் இந்த வெர்லின் ஸ்டக்கியின் வணக்கம்.

இன்னும் சற்று நேரத்தில் தலைவர் உங்களைக் கை தூக்கச் சொல்லப்போகிறார். ஆர்டித் அம்மையாருக்கு நான் கையெழுத்திட்டுக் கொடுத்த, பெரிய மோட்டார் வாங்க உரிமை தரும் இரண்டாம் நிலைச் சான்றை ரத்து செய்வதா வேண்டாமா என்பது கேள்வி. அதைக் கேட்குமுன் என் கதையைக் கேளுங்கள்.

நான் சந்தேகப் பிராணி. இந்த ஒலிவாங்கியையே மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தேன். என் மனைவி சொல்வாள்: "உங்க நெழலு பின்னாடி வந்தாக்கூட, எதுக்கு வர்றேன்னு நிறுத்திக் கேப்பீங்க!" கேட்டிருக்கிறேன்!

சந்தேகம் பாவமா? இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தச் சங்கத்தின் பரிசோதகன் நான். பசை காய்ந்ததா? கயிறு கட்டியாயிற்றா? பாராசூட் மடித்தாயிற்றா? மூக்குக் கூம்பு இறுகிவிட்டதா, இளகிவிட்டதா? கேட்டேன், கேட்டேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். ஐந்து கிலோ ராக்கெட் பாராசூட் விரியாமல் தலைகீழாக வந்தால், அதற்கும் உங்கள் தலைக்கும் நடுவே நிற்பது எது? உங்கள் தொப்பியா? என் சந்தேகம் ஐயா, என் சந்தேகம்!

ஆனால் செப்டம்பரில் அந்தச் சந்தேகம் தடம் புரண்டது.

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் ஆர்டித், சங்கத்தில் சேர்ந்த எட்டாம் மாதம், ஏழடி உயரக் கண்ணாடியிழை ராக்கெட்டோடு என் மேசைக்கு வந்தார். விதி உங்களுக்குத் தெரியும். சொந்தக் கையால் கட்ட வேண்டும். பறக்கவிட்டு, பாராசூட்டில் இறக்கி, அன்றே அதே ராக்கெட்டை முழுசாகக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அடியில் சிறகு போல ஒட்டிய துடுப்பைப் பிடித்து ஆட்டினேன், அசையவில்லை. பசை போட்ட மூலையில் விரலை ஓட்டினேன். வெண்ணெய் போல வழுக்கியது. எட்டு மாதத்தில் இந்த வேலைப்பாடா?

"யாரும்மா ஒட்டிக் குடுத்தது?" என்றேன்.

"ஏண்ணே, பஸ் ஓட்டுற கைக்குப் பசை ஒட்டாதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவர் படிவம் எடுக்கத் தன் வண்டிப் பக்கம் திரும்பினார். நான் பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்தேன். ராக்கெட் குழாய் வாயின் உட்புறத்தில், யாருக்கும் தெரியாமல், ஒரு சிறு முக்கோணம் கீறினேன்.

எதற்கா? ஒரே அச்சில் இரண்டு செய்து, ஒன்றைப் பறக்கவிட்டு, அது உடைந்தோ தொலைந்தோ போனதும் மற்றொன்றைக் கொண்டுவந்து நீட்டினால்? இருபத்திரண்டு ஆண்டில் எவராவது அப்படிச் செய்ததுண்டா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் நாளைக்குச் செய்யலாமே!

ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று! நிமிர்த்தி நிறுத்திய ஏவு தண்டவாளத்தை விட்டு ஒரு சீறல். நாலாயிரம் அடி உச்சியில் புள்ளியாகிப் பாராசூட் விரிந்தது. தெற்குக் காற்று அதை அள்ளிக்கொண்டுபோய்ப் பென்னர் அவர்களின் சோளக்கொல்லையில் போட்டது. ஆர்டித் தனியாகத் தேடப் போனார். ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று, மூன்று ஆயிற்று. என் மனத்தில் புழு நெளிந்தது. தேடுகிறாரா, இல்லை வீட்டுக்குப் போய் வருகிறாரா?

வந்தார். ராக்கெட்டில் மண் இல்லை, மாசு இல்லை, ஒரு சிராய்ப்பு இல்லை! சோளக்கொல்லையில் கிடந்த ராக்கெட்டா இது? குழாய்க்குள் பார்த்தேன். முக்கோணம் இல்லை. போட்டேன் ஒரு கூச்சல்: "இது பறந்த ராக்கெட்டே இல்ல! இது வேற!"

காற்று வலுத்ததால் எல்லாரும் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்த நேரம் அது. கேட்டவர்கள் கேட்டதோடு வண்டியைக் கிளப்பினார்கள்.

என்ன டெல்மர் உன்ரூ? எழுந்தே சொல்லுங்கள்.

"அதத்தான்யா நாங்க பதினாறு பேரும் மனுவுல எழுதியிருக்கோம்! நீ கத்துனதத்தான்!"

ஆமாம், நான்தான் கத்தினேன். உட்காருங்கள். நீங்கள் வண்டி ஏறிய பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

ஆர்டித் அழவில்லை, சண்டைக்கு வரவில்லை. "முக்கோணத்தத் தேடுறீங்களாண்ணே?" என்று கேட்டார். கழுத்துத் துணியை அவிழ்த்து, குழாய் வாயின் உள்ளே ஒரு துடை துடைத்தார்.

அன்பர்களே! பாராசூட்டை வெளியே தள்ளுவது எது? கருமருந்து. அது வெடித்தால் குழாய்க்குள் என்ன படியும்? கரி! அடுப்புக்கு மேலே உள்ள சுவரில் வெள்ளையடித்த நிறத்தைத் தேடுபவன் உண்டா? நான் தேடினேன்! இருபத்திரண்டு ஆண்டுகளாக என் குழாய்களில் அந்தக் கரியைக் கழுவியவன், சரியாக அது படியும் இடத்தில் அடையாளம் போட்டுவிட்டு, அடையாளம் காணோம் என்று ஊரைக் கூட்டினேன்!

துடைத்த இடம் வெளுத்தது. கீறலுக்குள் போன கரி மட்டும் வரவில்லை. நான் போட்டதைவிடத் தெளிவாக, கறுப்பாக, நின்றது முக்கோணம்.

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன்.

"நீங்க ஆணிய எடுத்தப்பவே வண்டிக் கண்ணாடியில பாத்துட்டேன். பின்னாடி என்ன நடக்குதுன்னு கண்ணாடியில பாத்துத்தானண்ணே முப்பது வருஷமா பொழைக்கிறேன்!"

மூன்று மணி நேரம் ஏன்? விளைந்த கொல்லையை மிதிக்கக் கூடாதென்று ஒவ்வொரு உழவுச் சாலாகப் போய், அதே சாலில் திரும்பி வந்திருக்கிறார். பாராசூட் கதிர்களின்மேல் படர்ந்து, ராக்கெட் தரை தொடாமல் தொங்கியிருக்கிறது. பென்னர் அவர்களே, உங்கள் சோளத்தில் ஒரு கதிராவது முறிந்ததா?

"ஒண்ணுகூட முறியல."

கேட்டீர்களா! யார் ஒட்டியது என்றும் கேட்டேனே, அதற்கு என்னிடம் என்ன ஆதாரம் இருந்தது? வேலை நேர்த்தியாக இருந்தது, அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டேன், வீட்டுக்குப் போனேன், வாயை மூடிக்கொண்டேன்.

"அப்ப மூணு மாசமா ஏன்யா சொல்லல?"

நல்ல கேள்வி, டெல்மர். பயம். கரியில் கோட்டை விட்டான் பரிசோதகன் என்று நீங்கள் சிரிப்பீர்களே என்ற பயம். என் கூச்சல் தானியக் கிடங்கில் பேச்சாயிற்று, தேவாலயப் படிக்கட்டில் தீர்ப்பாயிற்று, இன்று மனுவாக மேசையில் கிடக்கிறது. பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, அந்த அம்மாள் ஒன்பதடி ராக்கெட் ஒன்றுக்குத் துடுப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறார். சான்று போனால் அதற்கு மோட்டார் வாங்க முடியாது. வசந்தத்தில் அது தண்டவாளம் ஏறாது. என் வெட்கத்தைக் காப்பாற்ற அவர் பெயரை நாறவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, வேதனையாகவும் இருக்கிறது. ஆர்டித் அம்மையாரே, மன்னித்துவிடுங்கள்.

என்னம்மா? மைக்குக்குக் கேட்கவில்லை.

"இவ்வளவு நல்லாப் பேசுறீங்களேண்ணே, இப்ப எதுல கீறி வச்சிருக்கீங்க?"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நியாயமான சந்தேகம்! சந்தேகத்தை விட்டுவிடச் சொல்லவில்லை நான். பசையைச் சந்தேகப்படுங்கள்! கயிற்றைச் சந்தேகப்படுங்கள்! காற்றைச் சந்தேகப்படுங்கள்! ஆணியோடு திரியும் இந்த வெர்லினைச் சந்தேகப்படுங்கள்! ஆனால் சந்தேகம் பொய்த்துப்போனால், கத்திய அதே தொண்டையால், கத்திய அதே அளவுக்கு, பொய்த்தது என்று கத்துங்கள். அதைக் கத்தத்தான் இன்று வந்தேன். அதே ராக்கெட்! அதே ராக்கெட்! அதே ராக்கெட்!

தலைவர் அவர்களே, வாக்கெடுப்பைத் தொடங்குங்கள். சான்று நிலைக்க வேண்டும் என்பதற்கு முதல் கை இதோ. பேசி முடித்தவன் இரு கையும் கூப்புவது முறை. என் வலக்கை மேலே போய்விட்டது, எண்ணி முடிக்கும்வரை கீழே இறங்காது. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி சொல்லி, மீதமிருக்கும் ஒரு கையால் வணங்கி நிற்கிறேன்.