கதவு திறக்கும் தேதி

இந்தக் கோர்ட் ஃபேனை இன்னும் மாற்றவில்லையா, ஐயா? நான் இங்கே பெஞ்ச் கிளார்க்காக இருந்த காலத்திலேயே இப்படித்தான் முனகும். காற்று மட்டும் வராது. தொண்ணூற்று நாலில் ரிட்டையர் ஆனேன். கூண்டில் நின்று அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

குற்றவாளி என்று சொல்லிவிட்டீர்கள். ஆயுளா, வருஷக் கணக்கா என்று முடிவு செய்யும் முன் என்னையும் கேட்கிறீர்கள். அது முறை. "ரெண்டு சொட்டு கண்ணீர் விடுங்கோ மாமா, பத்து வருஷத்துக்குள்ள முடிச்சுடலாம்" என்றான் என் வக்கீல் பரத்வாஜ். எனக்கு அழுகை வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் வர்ஷினி, சாந்தோமில் மீன் பிடிக்கிற ஏசுராஜைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். நான் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சாமான் அறை உண்டு. அதில் வைத்துப் பூட்டினேன். பெங்களூரில் பாட்டு கற்றுக்கொள்கிறாள் என்று தெருவில் சொன்னேன். தடுப்பதற்கு அவள் அம்மா உயிரோடு இல்லை.

"என்னிக்குப்பா திறப்பேள்?" என்று தினமும் கேட்பாள்.

"நீ திருந்தின அன்னிக்கு."

இது இந்தக் கோர்ட்டில் நான் கற்ற பாடம். பத்து வருஷம் வாங்கினவன் காலண்டரைக் கிழித்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருப்பான். ஆயுள் வாங்கினவன் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடுவான். எப்போது விடுவார்கள் என்று அவனுக்குத் தெரியாதே. எத்தனை நீதிபதிகள் இதற்குப் போய் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்! நான் ஒரு நிமிஷத்தில் முடிவு செய்தேன்.

ஆனால் அவளுக்கும் என் பிடிவாதம். அடங்கவில்லை. பங்குனித் தேரன்று காலை, "தப்புன்னு சொல்லு, தண்ணி தரேன்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொம்பைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

மறுநாள் அறுபத்துமூவர் உற்சவம். எங்கள் வாசலில் வருஷாவருஷம் நீர்மோர் உண்டு. கொத்தமல்லி, இஞ்சி, பெருங்காயம் எல்லாம் நானே போட்டுக் கரைப்பேன். நல்ல வெயில், நல்ல கூட்டம். ஏசுராஜின் அம்மா எஸ்தரும் மீன்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சாமி, பொண்ணு எங்க கீது? எம் புள்ள சோறு துன்னாம கெடக்குறான்."

"பெங்களூர்ல சௌக்கியமா இருக்கா" என்று ஒரு டம்ளர் கொடுத்தேன். குடித்துவிட்டு, என் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தினாள். இன்னொரு டம்ளரும் கொடுத்தேன். கூப்பிட்டுக் கொடுக்கிற புண்ணியம் இருக்கிறதே, அதில் எனக்கு எப்போதும் தனி சந்தோஷம்.

நாதஸ்வரம் ஓய்ந்த நேரங்களில் கொல்லையிலிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு முறை, "அப்பா, தப்புப்பா" என்றும் கேட்டது. சாவி என் இடுப்பில்தான் இருந்தது. தாகத்துக்குச் சொல்கிறாள், திருந்திச் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது. அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, திருக்கல்யாணத்தன்று திறந்தேன். அதற்குள் தட்டும் சத்தம் நின்றிருந்தது. கையில் சொம்பு நிறைய மோரோடுதான் போனேன்; அதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

என் கோரிக்கை ஒன்றுதான், ஐயா. ஆயுள் வேண்டாம். பத்து வருஷமானாலும் சரி, ஒரு தேதி சொல்லிவிடுங்கள். கதவு எப்போது திறக்கும் என்று தெரியாமல் ஒரு மனுஷன் எப்படி உயிரோடு இருப்பான்?