நிலவறைக்கான வாரண்ட்

யோலாண்டா பிக்கெட் எனக்குக் கதவைத் திறந்தது புதன்கிழமை என்று என் குறிப்பேடு சொல்கிறது. எனக்கு அது செவ்வாயாகவே நினைவிருக்கிறது. பனி பெய்ததாகவும் நினைவு; ஒஹாயோவில் ஜனவரி மாதத்தை அப்படி நினைவு வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழை வராது. அவள் பேசியது மட்டும் அப்படியே இருக்கிறது.

"உள்ள வாங்க சார், பனியில நிக்காதீங்க. மூணு நாளா எனக்கும் பிள்ளைங்களுக்கும் ஒரே தலவலி. வெளிய போனா விட்டுடுது, உள்ள வந்தா பிடிச்சுக்குது. இந்த வீட்டுக்கு எங்களப் பிடிக்கல போல."

சிரித்தாள். அவளுக்குப் பின்னால் சின்ன மகள் பள்ளிக் காலணிகளைக் கழற்றாமலே சோபாவில் படுத்திருந்தாள்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் நகரத்தின் சுகாதார ஆய்வாளன். அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. நிலவறையில் வீட்டைச் சூடேற்றும் உலையின் புகைக்குழாய் கழன்றுபோயிருக்கிறது. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது.

நான் வாசற்படியைத் தாண்டவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், இந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வெர்ன் ஹோல்ட்கேம்ப்பின் வேறொரு வீட்டில், குடியிருந்தவர் அழைத்தாரென்று நிலவறைவரை போய்ப் படமெடுத்தேன். குடியிருப்பவரின் சம்மதம் அவருடைய அறைகளோடு முடிந்துவிடும், நிலவறையின் பூட்டு உரிமையாளருடையது என்றது நீதிமன்றம். என் படங்கள் ஒன்றுகூட ஏற்கப்படவில்லை. ஹோல்ட்கேம்ப் வெளியே வந்து எல்லோர் முன்னும் என் கையைக் குலுக்கினார்.

நீதிமன்றத்தில் சோதனை வாரண்ட் கேட்பவன், அனுமதி கேட்டேன், மறுத்தார்கள் என்று சத்தியம் செய்து எழுத வேண்டும். அவளிடம் இருந்தது 'வாங்க'. எனக்கு வேண்டியது 'முடியாது'. அதனால் ஹோல்ட்கேம்ப்பிடம் போனேன்.

"போன தடவ பட்டது போதாதா ஐயாவுக்கு?" என்றார். "வாரண்ட் வாங்கிட்டு வாங்க. இந்தத் தடவயாவது ஒழுங்கா எழுதுங்க."

எழுதினேன். வியாழனன்று நீதிபதி மேபெரி அதைத் திருப்பித் தந்தார். நிலவறைக்கு வழி எந்தப் பக்கம், எதைத் தேடுகிறேன், அது அங்கே இருக்குமென்று நம்ப என்ன காரணம், எல்லாம் வேண்டும் என்றார். நியாயம்தான். வெள்ளி மாலை மூன்றரைக்கு மறுபடி போனேன். முழுவதும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அங்க யாருக்காவது உடனடி ஆபத்து உண்டா? உண்டுன்னா என்கிட்ட வந்திருக்கவே வேண்டாம். கதவ உடைச்சுக்கூட உள்ள போகலாம், சட்டம் தடுக்காது."

"இல்லைங்கம்மா," என்றேன்.

அவசரம் என்று நுழைந்தால் பின்னால் வழக்கறிஞர்கள் அது அவசரமா என்று மாதக்கணக்கில் கேட்பார்கள். வாரண்ட்டை அப்படிக் கேட்க முடியாது. கையெழுத்தானது. வேலைநாட்களில், காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை. திங்கள் அரசு விடுமுறை. ஆகவே செவ்வாய்.

யோலாண்டாவுக்கு நான் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அவள் தீயணைப்புக்காரர்களை அழைத்திருப்பாள்; அவர்கள் உலையை அணைத்திருப்பார்கள்; செவ்வாய்க்குள் ஹோல்ட்கேம்ப் புதுக் குழாய் மாட்டிச் சாட்சியை அழித்திருப்பார். அந்த ஆளிடம் இன்னும் பதினொரு வீடுகள் இருந்தன. அவற்றில் இருந்தவர்களையும் நான் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஞாயிறு மதியம் அந்தத் தெரு வழியாகப் போனேன். அவள் கார்மேல் பனி கலையாமல் கிடந்தது. படிகளில் கால்தடம் இல்லை. சமையலறையில் விளக்கு எரிந்தது. நான் நிறுத்தவில்லை.

செவ்வாய் காலை ஒன்பது ஐந்துக்கு இரண்டு காவலர்களோடு போய்க் கதவைத் தட்டினோம். காத்திருக்க வேண்டிய நேரம் காத்திருந்தோம். காவலர்கள் வீட்டுக்குள் போனார்கள். நான் நிலவறைக்கு இறங்கினேன். வாரண்ட்டில் இருந்தது அதுதான். குழாய் ஒரு கை அகலத்துக்கு விட்டிருந்தது. மேலே ஒரு காவலர் கத்திக்கொண்டிருந்தார். படங்கள் தெளிவாக வந்தன.

யோலாண்டாவும் மகள்கள் சிமோனும் பிரீயும் நகருக்கு மேற்கே ஒரே வரிசையில் புதைக்கப்பட்டார்கள். ஹோல்ட்கேம்ப் ஒன்பது ஆண்டுத் தண்டனையில் நான்காம் ஆண்டு சிறையிலேயே இறந்தார். அவருடைய பதினொரு வீடுகளையும் நகராட்சி இடித்தது. அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. நீதிபதி மேபெரி ஓய்வு பெற்றுவிட்டார். எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அவர்கள் இறந்துவிடுவார்கள் என்று வெள்ளியன்றே எனக்குத் தெரியும். மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகள் அந்த வாரண்ட்டை வரி வரியாகப் பார்த்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.